ராத்திரி எட்டு மணிக்கு மேல் காய்க்குப் பாதி விலை வைத்தால் என்ன?

கீரைக்கட்டு: நேற்று கடை அடைக்கிற நேரத்தில் எங்கள் ஏரியா சூப்பர் மார்க்கெட்டில் இரண்டு கிரேட் தக்காளியைக் குப்பை வண்டியில் கொட்டினார்கள். பாதிக்கு மேல் ரசத்துக்குத் தாராளமாக ஆகும். வயிறு எரிந்தது. பிரான்சில் 2016-லேயே சட்டம் வந்துவிட்டது: 400 சதுர மீட்டரைத் தாண்டிய கடைகள் விற்காத உணவை அழிக்கக் கூடாது, தொண்டு அமைப்புகளுக்குக் கொடுக்க ஒப்பந்தம் போட வேண்டும். இங்கே எட்டு மணிக்கு மேல் பாதி விலைக்காவது தரலாமே?

தராசு: ஆறு வருஷம் காய்கறி செக்‌ஷன் பார்த்தவன் சொல்கிறேன் சகோதரி. அதைச் செய்து பார்த்தோம். ஆறு மணிக்கு வருகிறவர்கள் எட்டு மணிவரை காத்திருந்தார்கள், சாயங்கால வியாபாரம் படுத்துவிட்டது. வீணாவதில் வாங்குகிறவர்களுக்கும் பங்கு உண்டு. வெண்டைக்காய் நுனியை ஒடித்துப் பார்ப்பார்கள். முற்றல் என்றால் அங்கேயே போட்டுவிட்டு அடுத்ததை ஒடிப்பார்கள். பிஞ்சாக இருந்து ஒடிந்ததில்கூடப் பாதியைத்தான் எடுப்பார்கள். ராத்திரி தட்டில் மிஞ்சுவது நுனி கறுத்த காய். அதை யார் வாங்குவார்?

கீரைக்கட்டு: வெண்டைக்காய் விஷயம் நியாயம்தான் அண்ணா. நானும் ஒடிக்கிறவள், இனி மாட்டேன். தக்காளியை யார் ஒடித்தது? அடைக்க அரை மணி இருக்கும்போதும் மலையாகக் குவிக்கிறீர்கள், அடியில் கிடப்பது நசுங்குகிறது. கீரைக்குப் பக்கத்திலேயே வாழைப்பழச் சீப்பு! பழுக்கிற பழம் விடும் எத்திலீன் வாயு பட்டால் கீரை சீக்கிரம் மஞ்சளாகிவிடும்.

தராசு: குவியல் குறைந்தால் ‘பழைய சரக்கு’ என்று தாண்டிப் போகிறார்களே! வாழைப்பழத்தைத் தள்ளி வைக்கணும், அது எங்கள் தப்பு.

பர்மிங்காம் தமிழன்: பாக்கெட் காய்க்கும் யோசியுங்கள். இங்கே பிரிட்டனில் 2022-ல் மார்க்ஸ் அண்ட் ஸ்பென்சர் என்ற பெரிய கடை நிறுவனம் 300-க்கும் மேற்பட்ட பழம், காய்களில் ‘பெஸ்ட் பிஃபோர்’ தேதியையே எடுத்துவிட்டது. தேதியைப் பார்த்து நல்ல காயைத் தூக்கிப் போடுவது குறையட்டும் என்றுதான்.

கீரைக்கட்டு: அப்படியானால் மணிக்கணக்கு வேண்டாம். நன்றாகப் பழுத்ததைக் காலையிலிருந்தே ‘இன்றே சமைக்க’ என்று தனித் தட்டில் குறைந்த விலைக்கு வையுங்கள். யாரும் எட்டு மணிக்குக் காத்திருக்க மாட்டார்கள்.

தராசு: அது நடக்கும். ஆனால் மணிக்கொரு தரம் பொறுக்கித் தனியாக வைக்க ஆள் வேண்டும். செக்‌ஷனுக்கு ஒருத்தர்தான் இருக்கிறோம், எடை போடுவதும் அவர்தான். இன்னொரு ஆளுக்குச் சம்பளம்?

கீரைக்கட்டு: நேற்று கொட்டிய இரண்டு கிரேட் தக்காளிக்கு என்ன விலை அண்ணா?