கழிவுத் தண்ணியை நிறுத்தினா கண்மாய் வத்திரும், விட்டா கிணறு கெட்டுரும்: என்ன செய்யலாம்?

கண்மாய்க்கரை மருமகள்

எல்லாருக்கும் வணக்கம். ஊர்ப் பேரைப் போடலை. திருப்பரங்குன்றத்துக்குத் தெக்க, ரிங் ரோட்டைத் தாண்டி ஒரு கிராமம்னு வச்சுக்கங்க. எங்க கொல்லையில நின்னா கண்மாய்க் கரை தெரியும்.

நான் வாக்கப்பட்டு வந்த புதுசுல சித்திரை, வைகாசியில கண்மாய் காஞ்சு வெடிச்சுக் கெடக்கும். பயலுக உள்வாயில, அதாவது தண்ணி நிக்கிற எடத்துல, கிரிக்கெட் ஆடுவாங்க. மாமனார் வண்டி பூட்டி, அடியில படிஞ்ச கரம்பை மண்ணை அள்ளிட்டுப் போயி வயல்ல கொட்டுவாரு. ஐப்பசி, கார்த்திகை மழைக்கு நிரம்பும், ஒரு போகம் நெல்லு. அவ்வளவுதான் கணக்கு.

இப்ப வருசம் பூராம் தண்ணி நிக்குது. வெளியூர்ல இருந்து வர்றவங்க "உங்க ஊர்ல மட்டும் எப்படி கோடையிலயும் பெருகிக் கெடக்கு"ன்னு ஆச்சரியப்படுறாங்க. ஆகாயத்தாமரைப் பூவை வீடியோ எடுத்துட்டுப் போறாங்க. கிட்டக்க போய் மோந்து பாத்தாத் தெரியும். மேக்க பிளாட் போட்டு வந்த நகர்கள்ல பாதாளச் சாக்கடை கெடையாது. குளிக்கிற தண்ணி, துவைக்கிற தண்ணி, சில வீட்டு செப்டிக் டேங்க் குழாய் வரைக்கும் ஓடை வழியா எங்க கண்மாய்க்குத்தான் வருது.

கரைக்குக் கீழதான் எங்க கிணறு. மோட்டாரைப் போட்டா முதத் தண்ணியில வாடை. பருப்பு வேக மாட்டேங்குது. குடிக்க கேன் வாங்குறோம், மத்ததுக்கெல்லாம் இதே தண்ணிதான். மூத்த மகளுக்கு இப்பத்தான் பிள்ளை பிறந்திருக்கு, வீட்ல இருக்கா. அதான் பயமா இருக்கு.

போன வாரம் ஊர்க்கூட்டத்துல பெரிய சண்டை. ஓடை வாயை மண்ணைப் போட்டு அடைச்சுரணும்னு இளவட்டப் பயலுக. மீன் குத்தகைக்காரரும் மாட்டுப்புல்லு போட்டிருக்க நாலு குடும்பமும் கூடாதுங்கிறாங்க. மாமனார் அவங்க பக்கம்! "நாறுனாலும் தண்ணி தண்ணிதான், அடைச்சா அடுத்த வருசம் பொட்டலாப் போயிரும்"கிறாரு. மழைத்தண்ணி முன்ன மாதிரி வர்றதில்லைங்கிறது நெசம். அடைக்கிறதா வேணாமா? அதுவரைக்கும் கிணத்துத் தண்ணியை எதுக்குப் பொழங்கலாம்?

---

மேலூர் மடைக்காரர் மகன்

தங்கச்சி, எங்க அய்யா நீர்க்கட்டி, கண்மாய்த் தண்ணியை வயலுக்குத் திறந்து பங்கிடுறவர். அவர்கூட மடை திறக்கப் போய் வளந்தவன், அந்த அனுபவத்துல சொல்றேன்.

முதல்ல ஒண்ணு. கண்மாய் வத்துறது நோய் இல்லை. நம்ம பக்கம் வருசத்துக்கு 850 மில்லிமீட்டர் சுத்துலதான் மழை, அதுலயும் பாதிக்குக் கிட்ட ஐப்பசி, கார்த்திகையில கொட்டிட்டுப் போயிரும். அந்த ரெண்டு மாசத் தண்ணியைப் பிடிச்சு வச்சு ஒரு போகத்துக்குக் குடுக்கத்தான் இதைக் கட்டுனாங்க. கோடையில காயணும். காஞ்சாத்தான் கரம்பை அள்ள முடியும், மடையைப் பழுது பாக்க முடியும், ஆடு மாடு உள்ள மேயும். உங்க கண்மாய்ல வருசக் கணக்கா யாரும் மண்ணு அள்ளியிருக்க மாட்டாங்க, தண்ணி கெடக்கே! அடியில சாக்கடைச் சகதி ஏறிக்கிட்டே போகும். மேல பாக்கப் பெருகுன மாதிரி தெரியும், உள்ள கொள்ளளவு கொறைஞ்சுக்கிட்டே இருக்கும்.

மாமனார் கேள்விக்கு வர்றேன். அவர் பயப்படுறதுல நாயம் இருக்கு. ஆனா சாக்கடையை நிறுத்தினா வத்தும்னா, மழைத்தண்ணி எங்க போச்சுன்னுல்ல கேக்கணும்? நம்ம கண்மாய்கள் பூராம் ஒண்ணுக்கொண்ணு சேந்தது. மேல இருக்கது நிறைஞ்சு, மிச்சத் தண்ணி வழியுற கலுங்கு வழியா மறுகால் பாஞ்சாத்தான் கீழ இருக்கதுக்கு வரும். எங்களுக்காச்சும் பெரியாறு கால்வாய் இருக்கு, 1895ல அணை கட்டுனதுல இருந்து மலைக்கு அந்தப் பக்கத்துத் தண்ணி சுரங்கம் வழியா வைகைக்கு வந்து மேலூர் வரைக்கும் எட்டுது. மழையை மட்டும் நம்புற மானாவாரிக் கண்மாய்க்குத் தண்ணி கொண்டு வர்ற வரத்துக்காலை விட்டா வேற நாதி இல்லை.

மாமனாரைக் கூட்டிக்கிட்டு மேல் கண்மாய்க் கலுங்குல இருந்து உங்க உள்வாய் வரைக்கும் நடந்து பாருங்க. எங்க பக்கத்துல பாத்தவரைக்கும் மூணு எடத்துல அடைபடும்: பிளாட் போட்டவன் மேடாக்குன எடம், ரோடு போட்டப்ப வாய்க்கால் மட்டத்துக்கு மேல வச்ச பாலம், சீமைக்கருவேலங்காடு.

---

ஒத்தக்கடை வாசி

மடைக்காரர் அண்ணன் சொன்னது சரி. ஆனா அவசரப்பட்டு ஓடையை அடைக்காதீங்கக்கா. கசப்பா இருந்தாலும் சொல்றேன், இன்னைக்கு அந்தக் கண்மாயைக் காப்பாத்துறதே அந்த நாத்தத் தண்ணிதான். மதுரையில காஞ்ச கண்மாய்க்கு என்ன ஆகும்னு நாம பாக்காததா? தல்லாகுளம்னு பேர் இருக்கு, குளத்தைக் காணோம், அங்க மாநகராட்சி ஆபீஸ் நிக்குது. உலகநேரிக் கண்மாய்ல 2004ல ஐகோர்ட்டுக் கிளையே வந்துருச்சு. ஆக்கிரமிப்பு வழக்கு போடப் போறவன் கண்மாய்க்குள்ள போய்த்தான் போடணும்! உங்க ஊர்ல ரெண்டு வருசம் பொட்டலாக் கெடந்தா மூணாவது வருசம் "இது கண்மாயே இல்லை"ன்னு ஒரு மனு வரும்.

அதனால முதல்ல காகிதம். வருவாய்த்துறை நிலப் பதிவேடான அ பதிவேட்டுல சர்வே நம்பரைப் போட்டு நீர்நிலைப் புறம்போக்கா இருக்கான்னு பாருங்க, ஆன்லைன்லயே பாக்கலாம். கண்மாய்க்கு மட்டும் பாத்தாப் பத்தாது, வரத்துக்கால் நம்பரையும் பாக்கணும். எல்லாரும் விட்டுர்றது அதைத்தான். ஆயக்கட்டு, அதாவது கண்மாய்த் தண்ணி பாயுற நிலம், 100 ஏக்கருக்கு மேல இருந்தா நீர்வளத்துறை, கீழ இருந்தா ஊராட்சி ஒன்றியம். இது தெரியாம மனுப் போட்டா அங்கிட்டும் இங்கிட்டும் அலைய விட்டுருவாங்க. 2007ல வந்த ஏரிகள் பாதுகாப்பு, ஆக்கிரமிப்பு அகற்றல் சட்டமும் அப்ப பொதுப்பணித்துறை கையில இருந்த, இப்ப நீர்வளத்துறை பாக்குற கண்மாய்களுக்குத்தான்.

அப்புறம் அக்டோபர் 2 கிராம சபையில தீர்மானம். வாய்ப்பேச்சு வேணாம், சர்வே நம்பரோட எழுதச் சொல்லுங்க, நகல் வாங்கிக்கங்க.

---

சோதனைக்குழாய்

தண்ணி பரிசோதிக்கிற லேப்ல வேலை. கிணத்து விஷயம் மட்டும் சொல்றேன்.

பிறந்த குழந்தை இருக்குன்னு சொன்னதால முதல்ல அது: இந்தக் கிணத்துத் தண்ணியைக் காய்ச்சிக்கூடக் குழந்தைக்குக் குடுக்காதீங்க, பால்பவுடர் கலக்கவும் வேண்டாம். சாக்கடையில இருக்கிற அம்மோனியா மண்ணுக்குள்ள இறங்கும்போது நைட்ரேட்டா மாறிக் கிணத்துக்கு வரும். நிறம், மணம், ருசி எதுவும் காட்டாது. காய்ச்சினா கிருமி சாகும், நைட்ரேட் போகாது. தண்ணி சுண்டச் சுண்ட இன்னும் கூடும். ஆறு மாசத்துக்குள்ள இருக்கிற குழந்தைக்கு ரத்தத்துல ஆக்சிஜன் போறதைத் தடுத்து உடம்பு நீலம் பாரிக்க வச்சிரும். குடிநீர்ல லிட்டருக்கு 45 மில்லிகிராமுக்கு மேல நைட்ரேட் இருக்கக் கூடாது.

குடிநீர் வடிகால் வாரிய லேப்ல கட்டணம் கட்டினா சோதிச்சுத் தருவாங்க. கிருமிச் சோதனைக்கு அவங்க தர்ற பாட்டிலைத்தான் பயன்படுத்தணும், ஐஸ் வச்சு அன்னைக்கே கொண்டு போய்க் குடுக்கணும். மலத்துல இருந்து வர்ற ஈ கோலிக் கிருமி ஒண்ணுகூட இருக்கக் கூடாது. பருப்பு வேகாததுக்குக் காரணம் தண்ணியோட கடினத்தன்மை. அதுக்கும் சாக்கடைக்கும் நேரடிச் சம்பந்தம் இல்லாமலும் இருக்கலாம், நம்ம பாறை மண்ணே அப்படி. முடிவு வர்ற வரைக்கும் துணி துவைக்க, தரை கழுவ, செடிக்கு ஊத்தப் பயன்படுத்தலாம். சமையலுக்கும் பல் விளக்கவும் வேண்டாம்.

மதகுல நுரை வருதா? அயன்பாப்பாக்குடிக் கண்மாய்ல நுரை பொங்கி ரோட்டுக்குப் பறந்ததை டிவியில பாத்திருப்பீங்க. சோப்புத்தூள் கலந்த தண்ணி உயரத்துல இருந்து விழுந்து அடிபடும்போது அப்படி வரும். விடியக்காலையில மீன் செத்து மிதக்குதான்னும் கவனிங்க. ராத்திரி பூராவும் பாசியும் சகதியும் ஆக்சிஜனை இழுத்துரும், விடியுறதுக்கு முன்னாடிதான் அது ரொம்பக் குறைவா இருக்கும்.

---

கண்மாய்க்கரை மருமகள்

எல்லாருக்கும் நன்றி. பிள்ளைக்குக் கேன் தண்ணிதான், அதையும் கொதிக்க வச்சு ஆத்தித்தான் குடுக்குறோம். லேப் பாட்டில் வாங்கியாச்சு.

நுரை மழை நாள்ல மட்டும் வருது. மீன் சாகுறதில்லைன்னு குத்தகைக்காரர் பெருமையாச் சொன்னாரு. போய்ப் பாத்தா அத்தனையும் ஆப்பிரிக்கக் கெளுத்தி! அது மேல வந்து காத்தையே குடிச்சுப் பொழைக்கிற மீனாம், வளக்கவே தடைன்னு என் தம்பி சொல்றான். கெண்டையும் விராலும் இருந்த கண்மாய். அதைத் திங்கிறவங்களை நெனச்சா வயித்தக் கலக்குது.

மாமனாரோட நடந்தோம். கருவேலமரம் அடைச்ச எடத்துல அவருக்கே வழி தெரியலை, ஒரு பழைய கல்லை வச்சு அடையாளம் கண்டுபிடிச்சாரு. மேடாக்குன பிளாட்டு ஒண்ணுதான், அதுவும் காலி மனை. பாலம் நீங்க சொன்ன மாதிரியே. வாய்க்கால் கீழ கெடக்கு, குழாய் மேல கெடக்கு, மேல்பக்கம் குட்டை கட்டி நிக்குது. அதைப் பாத்ததும் மனுசனுக்குக் கோவம் வந்துருச்சு. "இதைத் திறந்து விட்டா நீங்க சாக்கடையை என்னமும் பண்ணுங்க"ன்னுட்டாரு. புல்லுக்காரங்ககிட்டயும் அவரே பேசுறேங்கிறாரு. அவனியாபுரம் கழிவுநீர்ப் பண்ணையில புல்லு வளத்த மாதிரி, ஓடைத் தண்ணியைக் கண்மாய்க்குள்ள விடாம ஓரமா ஒரு குட்டையில தேக்கி அவங்க பாத்திக்குத் திருப்பலாம்னு யோசனை. சரிவருமா?

---

சோதனைக்குழாய்

புல்லுக்குச் சரிவரும், கீரைக்கு வேண்டாம். ஆனா குட்டை உங்க கிணத்துல இருந்து தள்ளி, களிமண் தரையில இருக்கணும். மணல் தரைன்னா கண்மாய்க்குப் பதிலா குட்டையில இருந்து கிணத்துக்கு இறங்கும். செப்டிக் டேங்க் குழாயை அங்கேயும் விடக் கூடாது, அதை அந்தந்த வீட்டுக்காரங்கதான் நிறுத்தணும்.

---

மேலூர் மடைக்காரர் மகன்

பாலத்துக்கு மனுவை இப்பவே போடுங்க, மழைக்கு முன்னாடி நடக்காது, ஆனா போட்டு வைங்க. கருவேலத்தையும் மேட்டையும் புரட்டாசிக்குள்ள எடுத்துரலாம். மேட்டுல கை வைக்கும் முன்ன சர்வேயரை வச்சுக் கல்லு ஊண்டிக்கங்க.

அப்புறம் என்னைக்காச்சும் கண்மாய் காஞ்சு மண்ணு அள்ளுற நேரம் வரும். வட்டாட்சியர் அனுமதி வாங்கி உள்வாயில பரவலா அள்ளச் சொல்லுங்க. கரையை ஒட்டித் தோண்ட விட்றாதீங்க, கரை உக்காந்துரும். மடை மட்டத்துக்குக் கீழ பள்ளம் பறிச்சாலும் அந்தத் தண்ணி வயலுக்கு ஏறாது. டிராக்டர்காரன் கிட்டக்க இருக்கதைத்தான் அள்ளப் பாப்பான், மாமனாரை அங்கயே நாற்காலி போட்டு உக்காரச் சொல்லுங்க.