லைசென்ஸ் துப்பாக்கியில் மான் சுட்டால் லைசென்ஸ் போய்விடுமா?

அஞ்செட்டிக்காரன்:
எங்கள் பங்காளி ஒருவர் ராகிக் கொல்லைக்குக் காவல் என்று துப்பாக்கியை எடுத்துப் போய்ப் புள்ளிமானைச் சுட்டுவிட்டார். பயிர்க் காவலுக்காக வாங்கிய லைசென்ஸ். கேஸ் நடக்கிறது. அமெரிக்காவில் இருக்கும் மச்சான், அங்கே ஒரு மாநிலத்தில் வேட்டை லைசென்ஸ் போனால் மற்ற மாநிலத்திலும் போச்சு என்கிறார். இங்கே எப்படி? பங்காளிக்கு மீன்பிடி லைசென்ஸும் உண்டு.

ஓசூர் வாசி:
மச்சான் சொல்வது சரிதான். 1989-ல் கொலராடோ, நெவாடா, ஓரிகான் மூன்றும் சேர்ந்து தொடங்கிய ஒப்பந்தம் அது. இப்போது அநேகமாக எல்லா மாநிலமும் அதில் இருக்கிறது.

பழைய கார்டு:
வனத்துறையில் இருந்து ரிட்டயர் ஆனவன், தெரிந்ததைச் சொல்கிறேன். நம் ஊரில் பறிக்க வேட்டை லைசென்ஸே கிடையாது தம்பி. 1972 வன உயிரினச் சட்டத்தின் 51-வது பிரிவில் தண்டனை உறுதியானால், சுட்ட துப்பாக்கியின் லைசென்ஸை ரத்து செய்யக் கோர்ட் உத்தரவிடலாம். அப்புறம் 5 வருடத்துக்குப் புது லைசென்ஸ் கேட்க முடியாது. தீர்ப்புக்கு முன்னாலேயே கலெக்டர் ஆயுதச் சட்டப்படி நிறுத்தி வைக்கவும் வழி உண்டு. பயிரைக் காக்கக் கொடுத்ததை மான் கறிக்குப் பயன்படுத்தினால் அவர் சும்மா இருப்பாரா?

ஆனால் லைசென்ஸை விட்டுவிட்டு வேறொன்றைக் கவனியுங்கள். மான் விழுந்த இடம் எது? கொல்லை வரப்பா, காவிரி வடக்குச் சரணாலய எல்லைக்குள்ளா? உள்ளே வேட்டை என்றால் குறைந்தபட்சமே 3 வருடம், அதிகபட்சம் 7, அபராதம் 25,000-க்குக் குறையாது. கொல்லையில் சுட்டு, அது ஓடிப்போய் உள்ளே விழுந்திருந்தால் ரத்தத் தடம்தான் பேசும். மகஜரில், அதாவது சம்பவ இடத்தைப் பார்த்து எழுதும் அறிக்கையில், அந்த இடத்தை எப்படி எழுதியிருக்கிறார்கள் என்று வக்கீலைப் பார்க்கச் சொல்லுங்கள். இன்னொன்று, சரணாலயத்தைச் சுற்றி 10 கிலோமீட்டருக்குள் லைசென்ஸ் துப்பாக்கி வைத்திருப்பவர் வனத்துறையிலும் பதிய வேண்டும். பதிந்தாரா?

எனக்கு இதில் ஒரு எரிச்சல். தேர்தல் வந்தால் துப்பாக்கியைப் போலீஸ் ஸ்டேஷனில் ஒப்படைத்துவிட்டு வருகிறவனின் லைசென்ஸைத்தான் பறிக்க முடியும். ராத்திரியில் நாட்டுத்துப்பாக்கியோடு போகிறவனிடம் எதைப் பறிப்பது? மிருகம் கடித்தால் வெடிக்கும் அவுட்டுக்காய் வைப்பவனிடம்?

அஞ்செட்டிக்காரன்:
நன்றிங்க அண்ணா. பதிந்தாரா என்று கேட்டேன், வாயைத் திறக்க மாட்டேன் என்கிறார். மீன்பிடி லைசென்ஸ்?

பழைய கார்டு:
அது வேறு துறை கொடுத்தது, 51-வது பிரிவு அதைத் தொடாது. ஆற்றில் வெடித்தோட்டா போட்டு மீன் பிடித்தால் கதை வேறு, அதை 1897-லேயே சட்டம் போட்டுத் தடுத்துவிட்டார்கள். உங்கள் பங்காளி அதுவும் செய்கிறாரா?