சுங்கை சிப்புட்டில் பழைய கோல்ஃப் மிஸ்ஸிங் அடிக்கிறதா? நாலு காயிலையும் மாற்றும் முன்

கேள்வி:

வணக்கம். செம்பனை ஆலை வேலைக்காகத் தமிழ்நாட்டிலிருந்து மலேசியாவின் சுங்கை சிப்புட்டுக்குக் குடிவந்திருக்கிறேன். 2011 கோல்ஃப் 1.4 டிஎஸ்ஐ, செகண்ட் ஹேண்டில் வாங்கியது. மேடு ஏறும்போது உதறுகிறது, பிக்கப் இல்லை, இன்ஜின் விளக்கு சிமிட்டுகிறது. டவுனில் ஃபோர்மேன் (மெக்கானிக்) ஒருவர் நாலு இக்னிஷன் காயிலையும் மாற்றிவிடலாம் என்கிறார். மாற்றலாமா?

பதில்:

தம்பி, முதலில் அந்த விளக்கைக் கவனியுங்கள். நிலையாக எரிந்தால் ஆற அமரப் பார்க்கலாம். சிமிட்டினால் எரியாத பெட்ரோல் புகைக்குழாய் வழியே போய், புகையைச் சுத்திகரிக்கும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டருக்குள் எரிகிறது என்று அர்த்தம். காயில் விலை எங்கே, கன்வெர்ட்டர் விலை எங்கே! உடனே ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுங்கள். அப்படியும் சிமிட்டல் நிற்கவில்லை என்றால் ஓரங்கட்டி டோ வண்டியைக் கூப்பிடுங்கள். உங்கள் காப்புறுதியில் இலவச டோ எத்தனை கிலோமீட்டர் வரை என்று இன்றைக்கே பார்த்து வைத்துக்கொள்வது நல்லது. தோட்டத்து உள் சாலையில் நின்றுகொண்டு தேடுகிற விஷயமில்லை அது.

ஃபோர்மேன் சொன்னது தவறாகத்தான் இருக்கும் என்று சொல்ல மாட்டேன். ஒரு சிலிண்டர் எரியாமல் தவறும் இந்த மிஸ்ஸிங்குக்கு, பிளக்குக்குப் பொறி தரும் காயில்தான் முதல் சந்தேகம். ஆனால் இன்ஜின் பதிந்து வைக்கும் கோளாறு எண்ணை, அதாவது கோடைப் படிக்காமல் சொல்லியிருந்தால் அது வெறும் ஊகம். ஐரோப்பாவில் பெட்ரோல் கார்களுக்கு 2001 முதல் அந்தக் கோடைப் படிக்க உதவும் ஓபிடி கட்டாயம், அதனால் உங்கள் வண்டியில் இஎல்எம் 327 வகை மலிவு புளூடூத் டாங்கிளே போதும். பி0301 முதல் பி0304 வரை வந்தால் கடைசி எண்தான் மிஸ்ஸிங் அடிக்கும் சிலிண்டர். அந்தச் சிலிண்டரில் எரியவில்லை என்று மட்டுமே அது சொல்கிறது, காயில் போய்விட்டது என்று சொல்லவில்லை. பி0351 முதல் பி0354 வரை வந்தால் அந்தக் காயிலின் மின்சுற்றில் கோளாறு. காயிலோடு சேர்த்து சாக்கெட்டையும் ஒயரையும் பார்க்க வேண்டும். வெறும் பி0300 மட்டும் வந்து எந்தச் சிலிண்டரும் தனியாக மாட்டவில்லை என்றால் காயில் வாங்க ஓடாதீர்கள். நாலு காயிலும் ஒரே நாளில் சாகாது. காற்றுக் கசிவு, பெட்ரோல் அழுத்தம், காயில்களுக்கெல்லாம் பொதுவான மின்சாரம், எர்த் ஆகியவற்றைப் பாருங்கள்.

இன்னொன்று. உங்கள் வண்டியில் 7 கியர் டிஎஸ்ஜி ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் இருந்தால், அதன் உலர் கிளட்ச் தேய்ந்தாலும் வண்டி உதறும். நின்ற இடத்திலிருந்து கிளம்பும்போது மட்டும் உதறி, நியூட்ரலில் ஐடலிங் சீராக இருந்து, மிஸ்ஸிங் கோடும் இல்லை என்றால் கிளட்ச் பக்கம் சந்தேகப்படுங்கள். குளிர்ந்த இன்ஜினில் ஒரு நிமிஷம் உதறிவிட்டுச் சரியாகிவிடுவது நேரடி இஞ்செக்ஷன் இன்ஜின்களில் பெரும்பாலும் வால்வில் படிந்த கரியால் வருவது. காயில் கோளாறு பொதுவாக நேர்மாறு: சூடு ஏற ஏற, மேடு ஏற ஏறக் கூடும். டர்போ காற்றை அமுக்கித் தள்ளும்போது பிளக் இடைவெளியைத் தாண்டப் பொறிக்கு அதிக வோல்டேஜ் வேண்டும். நலிந்த காயில் அங்கேதான் கைவிடும்.

இனி சோதனை. இதற்குப் பைசா செலவில்லை. பி0302 வந்திருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். இன்ஜின் ஆறியபின், சாவியை எடுத்துவிட்டு, 2ஆம் காயிலையும் 3ஆம் காயிலையும் இடம் மாற்றுங்கள். வேறு எதையும் தொடாதீர்கள், பிளக்கைக்கூட. கோடை அழித்துவிட்டு கால் மணி நேரம் ஓட்டுங்கள், ஒரு மேடாவது இருக்கட்டும். பி0303 வந்தால் குற்றவாளி அந்தக் காயில். மறுபடியும் பி0302தான் என்றால் காயில் நல்லது. அடுத்ததாக பிளக்கை இதேபோல் மாற்றிப் பாருங்கள். அதற்கும் மசியவில்லை என்றால் இஞ்செக்டர், கம்ப்ரஷன் டெஸ்ட். உங்கள் 1.4 டர்போவோடு சூப்பர்சார்ஜரும் சேர்ந்த ட்வின்சார்ஜர் வகை என்றால் கம்ப்ரஷன் டெஸ்டைத் தள்ளிப்போடாதீர்கள். அதில் பிஸ்டன் ரிங் பக்கம் உடைவது தெரிந்த நோய்.

சில ஃபோர்மேன்கள் ஓடுகிற இன்ஜினில் காயிலை உருவி, பொறி பாய்கிறதா என்று காட்டுவார்கள். வேண்டாம். அங்கே ஓடுவது பல்லாயிரம் வோல்ட். உங்கள் கைக்கும் ஆபத்து, இன்ஜின் கணினியான ஈசியூவுக்கும் ஆபத்து. மல்ட்டிமீட்டரை வைத்து காயிலின் ஓம் அளப்பதும் உங்கள் வண்டிக்கு உதவாது. 4 பின் காயிலுக்குள்ளேயே ஸ்விட்ச் செய்யும் எலக்ட்ரானிக்ஸ் இருப்பதால் அந்த அளவுக்கு அர்த்தமில்லை. மீட்டர் இருந்தால் சாக்கெட்டில் 12 வோல்ட்டும் எர்த்தும் வருகிறதா என்று பாருங்கள், அது உருப்படியான வேலை. செம்பனைத் தோட்டத்தை ஒட்டிய வீடு என்றால் ஒயரை எலி கடித்திருக்கிறதா என்றும் பாருங்கள். விளையாட்டாகச் சொல்லவில்லை.

கேள்வி:

நன்றி அண்ணே. காயிலை எப்படிக் கழற்றுவது? இழுத்துப் பார்த்தேன், வரவில்லை.

பதில்:

ஸ்குரூ டிரைவரால் நெம்பினீர்களா? இனி நெம்பாதீர்கள், தலைப்பகுதி விரிசல் விடும். ரப்பர் பூட் பிளக்கின் பீங்கானில் ஒட்டிக்கொண்டிருக்கும். காயில் புல்லர் என்று தனியே விற்கிறார்கள், பெரிய விலையில்லை. லேசாக இடதும் வலதுமாகத் திருகி ஒட்டை உடைத்துவிட்டு நேராக மேலே இழுக்க வேண்டும். முதலில் ஓரிரு விரல்கடை தூக்கிக்கொண்டு அப்புறம் சாக்கெட்டைப் பூட்டியிருக்கும் நாக்கை விடுவித்தால் விரலுக்கு இடம் கிடைக்கும். பத்து வருஷத்துக்கு மேல் வெந்த பிளாஸ்டிக், அவசரப்பட்டால் அந்த நாக்கு முறியும். முறிந்தால் கேபிள் டை கட்டி ஓட்டாதீர்கள். சாக்கெட் கூடு மட்டும் தனியாகக் கிடைக்கும், பின்களை அதற்குள் மாற்றிச் செருகலாம்.

காயில் வெளியே வந்ததும் அதை மட்டும் பார்க்காமல் அது இருந்த குழிக்குள் டார்ச் அடித்துப் பாருங்கள். எண்ணெய் தேங்கியிருந்தால் வால்வ் கவர் கேஸ்கெட் கசிகிறது. அந்த எண்ணெய் ரப்பரை ஊறவைத்துக் கொழகொழவென்று ஆக்கிவிடும், பொறி பக்கவாட்டில் சிலிண்டர் ஹெட்டுக்குப் பாயும். கேஸ்கெட்டை விட்டுவிட்டுக் காயிலை மட்டும் மாற்றினால் புதுசும் அதே கதிக்குத்தான் போகும். தண்ணீரோ துருவோ இருந்தால் யாரோ கார் வாஷில் ஜெட் வைத்து இன்ஜினைக் கழுவியிருக்கிறார்கள். பிளக்கின் வெள்ளைப் பீங்கானில் மேலிருந்து கீழாக மயிரிழை போல ஒரு கீற்று தெரிந்தால் பொறி அந்த வழியே நழுவுகிறது. அந்த பிளக்கையும் ரப்பர் பூட்டையும் சேர்த்தே மாற்ற வேண்டும். இரும்பு உடலுக்குச் சற்று மேலே பழுப்பாக ஒரு வளையம் தெரிவது சகஜம், அதைக் கண்டு பயப்பட வேண்டாம்.

பிளக்கைக் கழற்றும் முன் குழிக்குள் காற்றடித்துச் செம்மண் தூசியை ஊதிவிடுங்கள். இல்லையென்றால் நேரே சிலிண்டருக்குள் விழும். உங்களுக்கு 16 மில்லிமீட்டர் பிளக் சாக்கெட் வேண்டும். புது பிளக்கின் மரைக்கு ஆன்டி சீஸ் பசை தடவாதீர்கள், தடவினால் அளவுக்கு மீறி இறுகிவிடும். ஒரு துண்டு ரப்பர் ஹோஸில் செருகிக் கையாலேயே மரையைப் பிடிக்க வையுங்கள். மரை தப்பி ஏறினால் ஹோஸ் வழுக்கும், ஹெட் தப்பிக்கும். வாஷர் உள்ள 14 மில்லி மரை பிளக்குக்குப் பொதுவாக 25 முதல் 30 நியூட்டன் மீட்டர், 12 மில்லிக்கு 15 முதல் 20. வண்டியின் மேனுவல் வேறு சொன்னால் மேனுவல் சொல்வதுதான் சரி. டார்க் ரெஞ்ச் இல்லையென்றால் 14 மில்லிப் புது பிளக் கையால் முட்டியபின் அரைச் சுற்றிலிருந்து மூன்றில் இரண்டு சுற்று வரை. பழையதையே திரும்பப் போட்டால் பன்னிரண்டில் ஒரு சுற்று மட்டும். இரிடியம் பிளக்கின் நுனியை நெம்பி இடைவெளி சரிசெய்ய முயலாதீர்கள், நுனி போய்விடும். ரப்பர் பூட்டின் உள்விளிம்பில் டைஎலக்ட்ரிக் சிலிகான் கிரீஸ் மெல்லிசாக ஒரு பூச்சு, அவ்வளவுதான். காயிலை நேராக அமுக்கி, சாக்கெட் ‘கிளிக்’ என்ற பிறகு கோடை அழியுங்கள்.

வேறொருவர்:

அண்ணன் சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன், இங்கே பெஜோவும் பிஎம்டபிள்யூவும் நிறைய ஓடுகின்றன. நாசா 206 பெஸ்தாரி மாதிரி பழைய பெஜோவில் தனித்தனி காயில் கிடையாது, நாலுக்கும் சேர்த்து ஒரே கட்டை. உள்ளே இரண்டு சுற்று. ஒன்று 1, 4ஆம் சிலிண்டருக்கு, மற்றது 2, 3க்கு. அதனால் பி0301ம் பி0304ம் ஜோடியாக வந்தால் கட்டையைத் தைரியமாகச் சந்தேகப்படலாம். இடம் மாற்றும் சோதனை இதில் நடக்காது. பெஜோக்காரர்கள் கியர்பாக்ஸ் பக்கமிருந்து எண்ணுவார்கள், அதாவது நம்மூர் வண்டியில் இடப்பக்கம், பயணி பக்கம். கோல்ஃபில் 1ஆம் சிலிண்டர் டைமிங் செயின் பக்கம், டிரைவர் பக்கம். இதைக் குழப்பிக்கொண்டு நல்ல பிளக்கைக் கழற்றுகிறவர்கள் பலர். பிஎம்டபிள்யூ ஈ46 318ஐ, ஈ90 320ஐ நாலு சிலிண்டரில் காயில் போனால் முதலில் வால்வ் கவர் கேஸ்கெட்டைப் பாருங்கள்.

கேள்வி:

சோதித்தேன், கோடு பி0303க்கு மாறிவிட்டது. ஒன்று வாங்கவா, நாலு வாங்கவா? எங்கே?

பதில்:

அப்படியானால் ஒன்றுதான் செத்திருக்கிறது. பிளக் எப்போது மாற்றியது என்று தெரியாததால் பிளக் மட்டும் நாலும் புதுசாகப் போடுங்கள். தேய்ந்த பிளக்கில் இடைவெளி அகலும், காயில் கூடுதல் வோல்டேஜ் தள்ளிச் சூடாகிச் சாகும். காயில் இரண்டு வாங்குங்கள். ஒன்று வண்டிக்கு, இன்னொன்று புல்லரோடு கார் டிக்கியில் கிடக்கட்டும். மற்ற மூன்றும் வண்டி வந்த நாளிலிருந்து இருப்பவை, லட்சம் கிலோமீட்டர் தாண்டியவை என்றால் நாலும் மாற்றுவதில் தப்பில்லை, ஆனால் நல்ல மூன்றையும் கடையில் விட்டுவிட்டு வராதீர்கள்.

டவுனில் அன்றைக்கே கிடைக்கும் என்று எதிர்பார்க்காதீர்கள், ஈப்போ ஸ்பேர் பார்ட் கடைகளுக்குப் போன் போடுங்கள். கார் பெயரைச் சொல்லிக் கேட்காமல் பழைய காயிலில் அச்சிட்டிருக்கும் எண்ணைப் படம் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்புங்கள். உங்கள் இன்ஜினில் அது 036 905 715 என்று இருக்கலாம், கடைசியில் ஓர் எழுத்து வரும். அந்த எழுத்து திருத்தப்பட்ட பதிப்பைக் குறிக்கும், பிந்திய எழுத்து கிடைத்தால் அதையே எடுங்கள். போஷ், பெரு, எல்டோர், என்ஜிகே நல்ல பெயர்கள்தான், ஆனால் அந்தப் பெயர்களில் போலியும் உலவுகிறது. ஆன்லைனில் ஒரு காயில் விலைக்கு நாலு தருகிறேன் என்றால் பெட்டியைத் திறக்கும் முன்பே விடை தெரிந்துவிடும். பழைய வண்டிகளைப் பிரித்து விற்கும் கெடாய் பொத்தோங்கில் கிடைக்கும் ஹாஃப் கட் (பாதியாக வெட்டிய வண்டியின்) காயில் அவசரத்துக்குச் சரி. வாங்கும் முன் ரப்பர் பூட்டை மடக்கி விரிசல் பாருங்கள்.

மாட்டிய பிறகு டிப்ஸ்டிக்கை முகர்ந்து பாருங்கள். பெட்ரோல் நெடி அடித்தால் எரியாத பெட்ரோல் சிலிண்டர் சுவரைக் கழுவிக்கொண்டு எண்ணெயில் கலந்திருக்கிறது, சர்வீஸ் தேதி வரை காத்திராமல் எண்ணெயையும் ஃபில்டரையும் மாற்றுங்கள். ஒரு வாரம் கழித்துக் கோடு படியுங்கள். பி0420 வந்திருந்தால் கன்வெர்ட்டர் அடிவாங்கியிருக்கலாம், அதைத் தனியாகப் பேசுவோம்.