இராப்போசன விருந்துக் கணக்கு: ஊரவர் எல்லோருக்கும்

அன்பான ஊரவர்களுக்கு வணக்கம்.

ஊர்ப் பள்ளிக்கூடத்துக்குக் காசு சேர்க்க எங்கள் சங்கம் லண்டனில் நடத்திய இராப்போசன விருந்து முடிந்து ஆறு கிழமை ஆகிறது. மண்டபம் நிறைய ஆட்கள், பிள்ளைகளின் நடனமும் அருமை. படங்கள் எல்லாம் இந்தக் குழுவுக்கு வந்துவிட்டன. கணக்கு இன்னும் வரவில்லை. அதைக் கேட்கத்தான் எழுதுகிறேன். செயற்குழுவில் ஒருவர் மீதும் எனக்குச் சந்தேகம் இல்லை. நடுச்சாமம் தாண்டியும் அவர்கள் கதிரை அடுக்கிக்கொண்டு நின்றதை நானே பார்த்தேன்.

ஆனால் அன்றைக்கு என் மேசையில் நடந்த ஒரு விஷயம் மனதை விட்டுப் போகவில்லை. ஊரில் எங்கள் ஒழுங்கையில் இருந்த பெரியம்மா ஒருவர் எனக்குப் பக்கத்தில் இருந்தார். எண்பதை நெருங்குகிற வயது. கண்ணாடியை வீட்டில் விட்டுவிட்டு வந்திருந்தார். நன்கொடை உறை கொண்டுவந்த தம்பி, "அம்மா, இதில ஒரு கையெழுத்து மட்டும் போடுங்கோ" என்றார். பெரியம்மா கைப்பைக்குள் நாலாக மடித்து வைத்திருந்த 20 பவுண் தாளை எடுத்து உறைக்குள் வைத்து, தம்பி விரலால் காட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டார். அது கிஃப்ட் எயிட் படிவம். என்னவென்று அவருக்கு யாரும் வாசித்துச் சொல்லவில்லை. நானும் வாய் திறக்கவில்லை, அது என் பிழை.

கிஃப்ட் எயிட் என்றால் இதுதான்: பிரித்தானியாவில் வரி கட்டுகிற ஒருவர் தருமத்துக்கு ஒரு பவுண் கொடுத்தால், பதிவு பெற்ற தொண்டு அமைப்பு அரசிடமிருந்து இன்னும் 25 பென்ஸ் வாங்கலாம். நல்ல ஏற்பாடுதான். ஆனால் கொடுத்தவர் அந்த வருடத்தில், அமைப்பு அரசிடம் வாங்குகிற அளவுக்காவது வரி கட்டியிருக்க வேண்டும். கட்டாதவர் கையெழுத்துப் போட்டால், குறைகிற காசை வரித் திணைக்களம் அவரிடம்தான் கேட்கும். பெரியம்மா அரச உதவிப் பணத்தில் வாழ்கிறவர், வரியே கட்டுவதில்லை. எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்துக்கு உதவப் போய் அவர் கடனாளி ஆகக் கூடாது.

அதே படிவத்தில் ரிக்கெற் காசையும் சேர்த்து எழுதச் சொன்னார்கள் என்று வேறு மேசைகளில் இருந்த இரண்டு பேர் சொன்னார்கள். அப்படி நடந்திருந்தால் திருத்த வேண்டும். சாப்பாட்டுக்கும் நிகழ்ச்சிக்கும் கொடுத்த காசு நன்கொடை ஆகாது, அதற்குக் கிஃப்ட் எயிட் கிடையாது. அதற்கு மேல் ஒருவர் தானாக விரும்பிக் கொடுப்பதுதான் நன்கொடை. உறையில் இரண்டையும் தனித்தனிக் கோட்டில் எழுத வைத்தால் பிரச்சினை முடிந்தது. கனடாவிலும் இதே நியாயம்தான். அங்கே பதிவு பெற்ற அமைப்பு வரிப் பற்றுச்சீட்டு எழுதும்போது சாப்பாட்டின் சந்தை விலையைக் கழித்து மிச்சத்துக்குத்தான் எழுதலாம். உணவகக்காரர் சாப்பாட்டை இலவசமாகத் தந்திருந்தாலும் அந்த விலையைக் கழிக்கத்தான் வேண்டும்.

சரி, ஊருக்கு எவ்வளவு போகிறது? எங்கள் கணக்கு கையில் இல்லாததால் ஒரு உதாரணம் போட்டுப் பார்க்கிறேன். 50 பவுண் ரிக்கெற்றில் 300 பேர் வந்தால் 15,000 பவுண். மண்டபம், சாப்பாடு, ஒலி, இசைக்குழு எல்லாம் தலைக்கு 35 பவுண் என்றால் செலவு 10,500. பள்ளிக்கூடத்துக்கு மிஞ்சுவது 4,500. மேடையில் "பதினையாயிரம் சேர்ந்தது" என்று சொன்னால் அது உண்மைதான், ஆனால் ஊரில் காத்திருக்கிற அதிபருக்கு அந்தத் தொகை வேறு அர்த்தம் கொடுக்கும். இரண்டு தொகையையும் தனித்தனியாகச் சொல்ல வேண்டும். சாப்பாடு யாரிடம் எடுத்தோம், வேறு யாரிடம் விலை கேட்டோம், சாப்பாடு தந்தவர் செயற்குழுவில் எவருக்காவது சொந்தமா என்பதையும் அதே தாளில் எழுதலாம். சொந்தக்காரர் மலிவாகத் தந்திருந்தால் எழுதுவது அவருக்கும் பெருமை.

ராஃபிள், அதாவது பரிசுக் குலுக்கல் சீட்டு, பற்றியும் ஒன்று. விருந்தோடு சேர்த்து நடத்துகிற சீட்டுக்கு இங்கே 2005 சூதாட்டச் சட்டத்தின் கீழ் அனுமதிப்பத்திரம் தேவையில்லை. ஆனால் சீட்டை விழா இடத்தில் மட்டும்தான் விற்கலாம். விற்ற காசில் பரிசுக்கு 500 பவுணுக்கு மேலும், செலவுக்கு 100 பவுணுக்கு மேலும் கழிக்கக் கூடாது. வெளிநாட்டில் இருந்து வட்ஸ்அப்பில் நம்பர் எடுத்தவர்களின் காசைத் திருப்பிக் கொடுத்து, நன்கொடையாகத் தர விருப்பமா என்று கேளுங்கள்.

அப்புறம் மேசைகள். முன்வரிசை முழுக்க அனுசரணையாளர்களுக்கு என்று வைத்தோம். பெற்றோல் நிலையத்தில் இரவு வேலை செய்கிற ஒருவர் மனைவி, மூன்று பிள்ளைகளோடு வந்தார். ஐந்து ரிக்கெற், 250 பவுண். அவருக்குக் கதவோரம், மேடை தெரியாத இடம். வெளிநாடு வந்த நாளிலிருந்து மாதம் தவறாமல் சங்கத்துக்குக் காசு போடுகிறவர் அவர். அடுத்த முறை இடத்தைக் குலுக்கிப் போடுவோம். குடும்பத்துக்கு ஒரு விலையும் வைப்போம்.

ஊரில் சனசமூக நிலையத்துச் சுவரில் விளையாட்டுப் போட்டிக் கணக்கு ஒட்டியிருப்பார்கள், ஞாபகம் இருக்கிறதா? நீல மையில், கோடு போட்ட கொப்பித் தாளில். ஐம்பது ரூபா தந்தவரின் பெயரும் இருக்கும், சோடாப் போத்தல் உடைந்ததற்குக் கொடுத்த காசும் இருக்கும். நாங்கள் சிறுவர்கள், எட்டி நின்று அப்பாவின் பெயரைத் தேடுவோம்.

அந்த மாதிரி ஒரு பக்கம் போதும். பதிவு பெற்ற தொண்டு அமைப்பின் வருடக் கணக்கை யார் கேட்டாலும் கொடுக்க வேண்டும் என்பது இங்கே சட்டம். ஊரவர் கேட்கும்வரை நாங்கள் வைத்திருக்கத் தேவையில்லை. பொருளாளர் அண்ணைக்கு நேரம் இல்லை என்று தெரியும். பில் கட்டையும் வங்கிக் கூற்றையும் தந்தால் ஞாயிற்றுக்கிழமை அவர் வீட்டுக்கு வந்து பக்கத்தில் இருந்தே தட்டச்சு செய்து தருகிறேன். பெரியம்மாவின் படிவத்தை மட்டும் அதற்கு முதல் எடுத்து வையுங்கள், அதை அனுப்ப வேண்டாம்.

அன்புடன்,
வடக்கு ஒழுங்கையில் இருந்து வந்த ஒருவன், லண்டன்