கொம்பியூட்டர் பெட்டி கையைக் கடிக்கிறது, பவர் சப்ளையை மாற்ற வேண்டுமா?

கோண்டாவில் அம்மா:
மகன் உயர்தரம் படிக்கிறான் என்று பழைய டெஸ்க்டாப் ஒன்று வாங்கினோம். வெறுங்காலோடு சீமெந்து நிலத்தில் நின்று பெட்டியின் பின்பக்கத் தகரத்தைத் தொட்டால் விரல் நுனி சுறுசுறு என்கிறது. செருப்புப் போட்டால் தெரியவில்லை. டெஸ்டர் வைத்தால் மங்கலாக எரிகிறது. பவர் சப்ளை பழுது என்கிறார் கடைக்காரர். வீடு அப்பா காலத்தது, அறையில் உருண்டை ஓட்டை 5 அம்பியர் பிளக்தான். அதில் அடாப்டர் போட்டுக் கொடுத்திருக்கிறோம். ட்ரிப் சுவிட்ச் ஒருநாளும் விழவில்லை. அப்படியென்றால் பயமில்லைத்தானே?

நல்லூரான்:
எங்கள் வீட்டிலும் இருந்தது அக்கா. பிளக்குக்குள் எர்த்தையும் நியூட்ரலையும் ஒரு துண்டு வயரால் இணைத்தோம், நின்றுவிட்டது.

சுன்னாகம் வயரிங்:
தம்பி, அந்தத் துண்டு வயரை இன்றைக்கே கழற்றுங்கோ. நியூட்ரல் எங்கேயாவது விட்டுப்போனால் பெட்டித் தகரத்தில் முழு 230 வோல்ட்டும் வந்து நிற்கும். பிள்ளைகள் தொடுகிற சாமான்.

தங்கச்சி, பவர் சப்ளைக்குக் காசு செலவழிக்க வேண்டாம், புதியதும் கடிக்கும். கரண்டில் வரும் மின் இரைச்சலை வடிகட்ட, லைனிலிருந்தும் நியூட்ரலிலிருந்தும் தகரத்துக்கு ஒவ்வொரு சின்னக் கப்பாசிட்டர் உள்ளே இருக்கும். எர்த் இருந்தால் அந்தக் கசிவு மண்ணுக்குப் போய்விடும். இல்லாவிட்டால் தகரத்தில் பாதி வோல்ட், ஏறத்தாழ 115, நிற்கும். கரண்ட் பெரும்பாலும் ஒரு மில்லியம்பியருக்கும் குறைவு. ட்ரிப் சுவிட்ச் 30 மில்லியம்பியருக்கு உரியது, இதற்கெல்லாம் விழாது. அதன் டெஸ்ட் பட்டனும் எர்த் இல்லாமலே வேலை செய்யும், அதை நம்பி இருக்காதீர்கள். எர்த் இல்லாத வீட்டில் உண்மையான லீக் வந்தால், யாராவது தொட்ட பிறகுதான் சுவிட்ச் விழும்.

முதலில் அடாப்டரைப் பாருங்கோ. மலிவானவை சிலவற்றில் எர்த் பின் வெறும் பிளாஸ்டிக். பிறகு மெயினை நிறுத்தி, தெரிந்த ஒருவரைக் கொண்டு பிளக்கைக் கழற்றிப் பச்சை வயர் வந்திருக்கிறதா என்று பார்ப்பியுங்கோ. கடைசியாக, மண்ணுக்குள் இறக்கிய எர்த் கம்பி. வலிகாமத்துச் செம்மண்ணில் பல இடங்களில் கொஞ்ச ஆழத்திலேயே சுண்ணாம்புக்கல் தட்டும். இறங்காத கம்பியை அறுத்து, மிச்சத்தை மண்ணால் மூடிவிட்டுப் போனவர்களைக் கண்டிருக்கிறேன். ஆடி, ஆவணியில் மண் காய்ந்தால் அந்தக் கட்டைக் கம்பி இருந்தும் இல்லாதமாதிரி.

கோண்டாவில் அம்மா:
அண்ணை, பார்த்தோம். அடாப்டர் பின் பிளாஸ்டிக்தான். பச்சை வயர் பிளக் வரை வந்திருக்கிறது, ஆனால் மீட்டரடிக் கம்பியைப் பிடித்து இழுத்தால் ஆடுகிறது. கிணற்று மோட்டர் குழாயில் கட்டலாமா?

சுன்னாகம் வயரிங்:
வேண்டாம், இப்போது எல்லாம் பிவிசி குழாய், எர்த் பிடிக்காது. குளிக்கிற தண்ணி ஓடுகிற வாழையடியில் மண் ஆழம் இருந்தால் அங்கே செப்புப் பூசிய புதுக் கம்பி இறக்குங்கோ. கல் தட்டினால் அறுக்க விடாதீர்கள். இடம் தள்ளி இன்னொன்று இறக்கி இரண்டையும் வயரால் இணைக்கலாம். வேலைக்கு வருபவரிடம் எர்த் டெஸ்டர் (எர்த் எவ்வளவு பிடிக்கிறது என்று அளக்கும் கருவி) இருக்கிறதா என்று முதலே கேளுங்கோ, அளந்து காட்டிய பிறகு காசு கொடுங்கோ. அதுவரை மகன் செருப்போடு இருக்கட்டும். பெட்டியைத் திறப்பதென்றால் வயரைப் பிளக்கிலிருந்து கழற்றிவிட்டுத்தான்.