ரிலேடி: ஓடிக்கொண்டிருக்கும் சர்வரை டவுன் என்று காட்டுகிறது

கேள்வி – நடைவழி

ஓபன்பிஎஸ்டி மெஷினில் ரிலேடி (வருகிற ரிக்வெஸ்டுகளைப் பல சர்வர்களுக்குப் பிரித்து அனுப்பும் புரோகிராம்) ஓடுகிறது, பின்னால் இரண்டு வெப் சர்வர்கள், ரவுண்ட்ராபின், அதாவது மாறி மாறி அனுப்பும். டேபிளுக்கு (சர்வர்களின் பட்டியல்) 'செக் எச்டிடிபி "/" கோட் 200' போட்டிருக்கிறேன், முகப்புப் பக்கத்தைக் கேட்டு 200 (சரி) என்ற பதில் வந்தால்தான் சர்வர் அப். 'ரிலேடி -என்' கொடுத்தால் கான்ஃபிக் சரி என்கிறது. ஆனால் 'ரிலேசிடிஎல் ஷோ ஹோஸ்ட்ஸ்' பார்த்தால் ஒரு சர்வர் எப்போதும் டவுன், இன்னொன்று அப், டவுன் என்று மாறிக்கொண்டே இருக்கிறது, அதுவும் விழுந்திருக்கும் நேரத்தில் வருகிறவர்களுக்கு கனெக்‌ஷன் கிடைப்பதே இல்லை. கர்ல் கமாண்டில் நேராக அடித்தால் இரண்டும் 200 தருகின்றன. பிஎஃப் (ஓபன்பிஎஸ்டியின் ஃபயர்வால்) ரூலில் ஆங்கர், அதாவது ரிலேடி தன் ரூல்களைச் சேர்க்கும் இடம், வைக்காததுதான் காரணமா?

பதில் – சுமைதாங்கி

ஆங்கருக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. ரீடைரக்ட் (பிஎஃப் மூலமாகவே திருப்பிவிடுவது) எழுதினால்தான் அது வேண்டும், நீங்கள் வைத்திருப்பது ரிலே (ரிலேடியே நடுவில் நின்று வாங்கி அனுப்புவது). மாறிக்கொண்டே இருக்கும் சர்வருக்கு டைம்அவுட்டைப் பாருங்கள். செக் 10 செகண்டுக்கு ஒருமுறை போகும், ஆனால் பதிலுக்கு டிஃபால்ட்டாகக் காத்திருப்பது வெறும் 200 மில்லிசெகண்ட்தான். முகப்புப் பக்கம் டேட்டாபேஸைத் தொட்டுவிட்டு வருவதாக இருந்தால் லோடு கொஞ்சம் ஏறினாலே அதைத் தாண்டிவிடும். டைம்அவுட் 2000 வையுங்கள், டேபிளில் ஹோஸ்டுக்குப் பக்கத்தில் 'ரீட்ரை 2' சேருங்கள், ஒருமுறை தவறினால் உடனே தள்ளிவைக்காது.

பதில் – வடிகால்

டைம்அவுட்டை ஏற்றுவது சரி, ஆனால் "/" பக்கத்தைச் செக் செய்வதே எனக்குப் பிடிக்காது. ஹெல்த் செக்குக்கென்று ஒரு சின்ன பாதை வையுங்கள். அதிலும் டேட்டாபேஸைத் தொடாதீர்கள், டேட்டாபேஸ் திணறினால் இரண்டு சர்வரும் ஒரே நேரத்தில் டவுன் ஆகிவிடும், அப்புறம் அனுப்ப இடமே இருக்காது.

எப்போதும் டவுனாக இருக்கும் சர்வர் வேறு கதை. ரிலேடி அனுப்புவது கெட் (முழுப் பக்கத்தையும் கேட்பது) இல்லை, ஹெட் (ஹெடர்களை மட்டும் கேட்பது). செக் வரியில் ஹோஸ்ட் பெயர் கொடுக்காவிட்டால் எச்டிடிபி 1.0-வில், எந்த சைட் வேண்டும் என்று சொல்லும் ஹோஸ்ட் ஹெடரே இல்லாமல் போகும். அந்த சர்வரில் பல சைட்கள் இருந்தால் 404 (பக்கம் இல்லை) வரலாம், இல்லை எச்டிடிபிஎஸ் பக்கம் திருப்பி 301 வரலாம். நீங்கள் கர்லில் அடித்தது கெட், அதில் ஹோஸ்டும் தானாகவே போயிருக்கும். ஹெட் அனுப்பும் பெரிய ஐ ஆப்ஷனோடு எச்டிடிபி 1.0 ஆப்ஷனும் போட்டு, ஹோஸ்ட் ஹெடரைக் காலியாக்கி அடித்துப் பாருங்கள். கான்ஃபிக்கில் 'லாக் ஹோஸ்ட் செக்ஸ்' சேர்த்தால் ஒவ்வொரு செக்கும் எத்தனை மில்லிசெகண்ட் எடுத்தது என்று லாகிலேயே வரும்.

நடைவழி

301-தான் வந்துகொண்டிருந்தது. ஹோஸ்ட் பெயர் சேர்த்துத் தனிப் பாதையும் வைத்த பிறகு இரண்டும் அப். இன்னொன்று: சர்வர் லாகில் எல்லா ரிக்வெஸ்டும் ரிலே மெஷினின் ஐபியிலிருந்தே வந்ததாக இருக்கிறதே?

சுமைதாங்கி

ரிலே என்றால் அப்படித்தான், சர்வருக்குப் புது கனெக்‌ஷன் போடுவதே ரிலேடிதான். எச்டிடிபி புரோட்டோகால் பிளாக்கில் 'மேட்ச் ரிக்வெஸ்ட் ஹெடர் செட்' எழுதி வந்தவரின் ஐபியைச் சர்வருக்குச் சொல்லும் எக்ஸ்-ஃபார்வர்டட்-ஃபார் ஹெடருக்கு ரிமோட் அட்ரஸ் மாறியைக் கொடுங்கள். மேன் பக்கத்து (கையேடு) உதாரணத்தில் 'அப்பெண்ட்' (இருப்பதோடு சேர்ப்பது) இருக்கும், முன்னால் வேறு பிராக்ஸி இல்லையென்றால் 'செட்' நல்லது, யாராவது பொய்யான ஐபியை அந்த ஹெடரில் வைத்து அனுப்பினாலும் அழிந்துவிடும். ரிலே பிளாக்கில் அந்தப் புரோட்டோகாலின் பெயரைக் குறிப்பிடாவிட்டால் இது எதுவும் வேலை செய்யாது.