துக்கத்தில் ஆண்டவரிடம் "ஏன்" என்று கேட்பது அவிசுவாசமா?

கடுகுவிதை:
எட்டு மாதம் படுக்கையில் இருந்த என் அம்மா போன மாதம் கர்த்தருக்குள் நித்திரையடைந்தார்கள். அத்தனை நாளும் ஜெபித்தேன். இப்போது முழங்கால் போட்டால் "ஏன் ஆண்டவரே?" என்பதைத் தவிர ஒரு வார்த்தை வரவில்லை. அடக்கத்துக்கு வந்த ஒருவர், "விசுவாசம் போதவில்லை, அதான் சுகம் கிடைக்கவில்லை" என்று சொல்லிவிட்டுப் போனார். அப்படித்தானா?

சாலேம்வாசி:
கேட்கவே கஷ்டமாக இருக்கிறது சிஸ்டர். அவர் அதைச் சொல்லியிருக்கவே கூடாது. ஆனாலும் "ஏன்" என்று கேட்டுக்கொண்டே இருப்பது ஆபத்து. "எல்லாவற்றிலேயும் ஸ்தோத்திரஞ்செய்யுங்கள்" என்று 1 தெசலோனிக்கேயர் 5:18 சொல்கிறது. மனம் வராவிட்டாலும் வாயால் துதியுங்கள். எகிப்திலிருந்து வந்த வழியில் வனாந்தரத்தில் கர்த்தருக்கு விரோதமாக முறுமுறுத்த இஸ்ரவேலர் அங்கேயே மாண்டுபோனது நமக்குத் தெரியுமே.

விடியற்காவலன்:
முறுமுறுப்பு வேறு, புலம்பல் வேறு பிரதர். அவர்கள் கூடாரத்துக்குள் உட்கார்ந்து கர்த்தரைப் பற்றிப் பேசினார்கள். பிள்ளைகளையும் ஆஸ்தியையும் சுகத்தையும் இழந்த யோபு அவரிடமே பேசினான். அவனுடைய சிநேகிதர் ஏழு நாள் இரவும் பகலும் தரையில் உட்கார்ந்து வாய் திறக்காமல் இருந்தார்கள் பாருங்கள், அதுவரை நன்றாகத்தான் இருந்தது. பேசத் தொடங்கியதும் "உன் பாவம்தான் காரணம்" என்றார்கள். அந்த அடக்க வீட்டு மனிதர் பேசியதும் அதே பேச்சுதான். யோபு புத்தகம் 42:7இல் கர்த்தருடைய கோபம் அந்தச் சிநேகிதர் மேல்தான் மூண்டது.

சாலேம்வாசி:
அதற்கு முந்தைய வசனத்தில் யோபு தூளிலும் சாம்பலிலும் மனஸ்தாபப்பட்டானே, அதை ஏன் விட்டுவிட்டீர்கள்? என் கூடப்பிறந்த அண்ணன் இந்தக் கேள்வியில் தொடங்கித்தான் சபையை விட்டே போனான். அந்தப் பயத்தில் சொல்கிறேன்.

விடியற்காவலன்:
உங்கள் பயம் புரிகிறது. ஆனால் மூன்றாம் அதிகாரத்தில் அழத் தொடங்கியவனுக்குக் கர்த்தர் பதில் பேசியது 38ஆம் அதிகாரத்தில். அவன் மனஸ்தாபப்பட்டது அதற்கும் அப்புறம்தான். நாமோ மூன்றாம் அதிகாரத்திலேயே வாயை மூடச் சொல்கிறோம். சிஸ்டர், சங்கீதம் 88ஐ வாசியுங்கள். ஆறுதலாக ஒரு வரிகூட இல்லாமல் முடிகிறது. அதுவும் ஜெபம்தான். விசுவாசக் குறைவு என்றால், மூன்று தரம் வேண்டியும், தன் சரீரத்தில் முள் என்று அவர் சொன்ன வேதனை நீங்காத அப்போஸ்தலன் பவுலுக்கும் அந்தக் குறையா?

தெருவிளக்கு:
நான் சபைக்குப் போவதை நிறுத்திப் பல வருஷம் ஆகிறது. பவுலுக்கு முள் நீங்கவில்லை, சிலுவைக்கு முந்தின இரவு கெத்செமனேயில் இயேசு நீங்கும்படி கேட்ட பாடுகளின் பாத்திரமும் நீங்கவில்லை. அப்படியானால் கேட்பது எதற்கு?

விடியற்காவலன்:
இதற்கு என்னிடம் முழுப் பதில் இல்லை. என் குழந்தை இறந்தபோது நானும் கேட்டேன். மரித்துப்போன தம் சிநேகிதன் லாசருவின் கல்லறைக்குப் போகிற வழியில், இன்னும் சில நிமிடத்தில் எழுப்பப்போகிற அவனுக்காக இயேசு அழுதாரே, அந்த ஒன்றைத்தான் பிடித்துக்கொண்டிருந்தேன். அழுகிறவரிடம் பேச முடிந்தது.

சாலேம்வாசி:
என் கருத்து மாறவில்லை. துதிதான் நம்மை வெளியே கொண்டுவரும். ஆனால் சிஸ்டர், உங்களுக்கு வார்த்தை வராத நாளில் நான் உங்களுக்காகத் துதிக்கிறேன்.

கடுகுவிதை:
நன்றி. நேற்று இரவு 88ஐச் சத்தமாக வாசித்தேன். துதிக்க இன்னும் வரவில்லை. முதல் வசனத்தில் "என் இரட்சிப்பின் தேவனாகிய கர்த்தாவே" என்று கூப்பிட மட்டும் முடிந்தது. இன்று இரவும் வாசிப்பேன்.